லாரிக்கு ரிவர்ஸ் கேமரா: ஒயரா, ஒயர்லெஸ்ஸா, சென்சாரா, கிளீனரே போதுமா?

போன மாதம் மூன்று பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் நாமக்கல்லில் பன்னிரண்டு சக்கர வண்டிக்குப் பாடி கட்டக் கொடுத்திருக்கிறார். சேஸிஸ் இன்னும் பட்டறையில் நிற்கிறது. இன்னொருவர் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர்காரர். மூன்றாமவரிடம் இருப்பது பன்னிரண்டு வருடம் ஓடிய பத்துச் சக்கர டாரஸ். "பின்னாடி ஒரு கேமரா போடலாம்னு பார்க்கிறேன், எதை வாங்கறது?" என்றுதான் மூவரும் கேட்டார்கள். மூவருக்கும் வேறு வேறு பதில் சொன்னேன். அதைக் கொஞ்சம் விரிவாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

எனக்கே இது காசு கொடுத்துப் படித்த பாடம். சில வருடங்களுக்கு முன் எங்கள் வண்டி குண்டூர் பக்கம் ஒரு மிளகாய் கோடவுனுக்குப் போயிருந்தது. விடியற்காலை மூன்று மணி. கிளீனர் காய்ச்சல் என்று வழியிலேயே இறங்கிவிட்டதால் டிரைவர் தனி ஆள். இரண்டு கண்ணாடியையும் பார்த்துக்கொண்டுதான் பேக் எடுத்திருக்கிறார். கண்ணாடிக்குத் தெரியாத நட்ட நடுவில் ஒரு கான்கிரீட் தூண். பின் பலகை வளைந்து, இரண்டு டெயில் லேம்ப்பும் போய், வெல்டிங், பெயிண்ட் என்று 11,000 ரூபாய் ஆனது. வண்டி இரண்டு நாள் பட்டறையில் நின்றது. இன்சூரன்ஸ் கேட்கலாம் என்றால் இந்தத் தொகைக்காக நோ கிளெய்ம் போனஸை இழக்க மனசு வரவில்லை.

அந்தக் கோபத்தில் ஊருக்கு வந்ததும் கார் அக்சஸரி கடையில் 900 ரூபாய்க்கு ஒரு கேமரா வாங்கி மாட்டினேன். பதினோராவது நாள் அது செத்துப்போனது. அதன் கதை கீழே வரும்.

சட்டம் சொல்லட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. நம் நாட்டில் 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். அது கார்களுக்கு எழுதிய விதி. அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புது வண்டிகளுக்குப் பின்புறக் கேமரா கட்டாயம் என்றாலும், அது 10,000 பவுண்டு, அதாவது சுமார் நாலரை டன் மொத்த எடைக்கு உட்பட்டவற்றுக்குத்தான். ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து புது லாரிகளுக்கும் பின்னால் இருப்பதைக் கண்டறியும் ஏற்பாடு வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். இங்கே கேமரா போடுவது ஓனரின் முடிவு.

## முதலில் எதை வைத்து முடிவு செய்வது

கடைக்குப் போனால் 'எத்தனை பிக்சல், எத்தனை இன்ச்' என்று ஆரம்பிப்பார்கள். லாரிக்கு அது கடைசிக் கேள்வி. நான் பார்ப்பது இவற்றை:

ஒயர் போகும் வழி. வண்டியின் மூக்கிலிருந்து வால் வரை ஒரு ஒயர் நிரந்தரமாகப் போக முடியுமா? பாடியும் கேபினும் ஒரே சேஸிஸில் இருந்தால் முடியும். டிரெய்லர் அடிக்கடி மாறினால் கஷ்டம். பாதி முடிவு இந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிடும்.

24 வோல்ட். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைக் கோத்து 24 வோல்ட் ஓடுகிறது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் வரைக்கும் தள்ளும். அதைத் தாங்காத எந்தப் பொருளும் நமக்கு ஆகாது.

சேறு, தண்ணீர், அதிர்வு. ஓடும் வண்டி பின்னால் காற்றை இழுத்துக்கொண்டே போகும். சாலையின் தூசும் மழைத் தண்ணீரும் சுழன்று வந்து ஒட்டுவது பின் பலகையில்தான். வாட்டர் சர்வீஸில் பிரஷர் பம்பு வேறு அடிப்பார்கள்.

கிளீனர் இருக்கிறாரா. நிஜமாக, எல்லா டிரிப்பிலும்.

இன்னும் எத்தனை வருடம் வண்டியை வைத்திருப்பீர்கள். அடுத்த வருடம் விற்கப்போகும் வண்டிக்கும் நேற்று எடுத்த சேஸிஸுக்கும் ஒரே கணக்கு சரிவராது.

## கிளீனர், பீப் ஹாரன், ஒரு நல்ல விளக்கு

இதையும் ஒரு ஆப்ஷனாகவே எண்ணுகிறேன். நல்ல கிளீனர் ஒருவர் பின்னால் நின்று பாடியைத் தட்டி, "வரலாம்… வரலாம்… லெஃப்ட்ல ஒடி… ஹோல்டான்!" என்று சொல்வதற்கு ஈடான கேமரா இன்னும் வரவில்லை. மேலே தொங்கும் கரண்ட் ஒயர், மூடி உடைந்த சாக்கடை, தூங்கும் நாய், மண் இளகலா கெட்டியா என்பது வரை அவர் பார்ப்பார். கேமரா பார்ப்பது ஒரு சதுரத்தை மட்டும்.

ஆனால் இதற்கும் மறைவுச் செலவு உண்டு. முதலில், கிளீனர் கிடைப்பதே இல்லை. பாதி வண்டிகள் ஒற்றை டிரைவரோடு ஓடுகின்றன. இரண்டாவது, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். டிரைவருக்கு நல்லதுதான். ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யில் இருப்பவருக்கு முப்பது அடி பின்னாலிருந்து வரும் 'ஹோல்டான்' எப்படிக் கேட்கும்? மூன்றாவதுதான் பெரியது: சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நிற்கும் கிளீனரே மாட்டிக்கொள்வது. அவரைப் பார்க்க டிரைவருக்கு வேறு வழியில்லை.

கிளீனரை நம்பி ஓட்டுபவர்கள் இரண்டு பொருளை மட்டும் போட்டுவிடுங்கள். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் கத்தும் பீப் ஹாரன் ஒன்று, பின்னால் கீழ்நோக்கி அடிக்கும் 24 வோல்ட் எல்.இ.டி. விளக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து 1,500 ரூபாயைத் தாண்டாது. கம்பெனியிலிருந்து வரும் ரிவர்ஸ் விளக்கு, வண்டி பின்னால் வருகிறது என்று மற்றவருக்குச் சொல்லத்தான் உதவும். வழி பார்க்க அந்த வெளிச்சம் பத்தாது.

## சென்சார் மட்டும்

காரில் 'பீப்… பீப்… பீப்பீப்' என்று அடிக்குமே, அதேதான். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். காருக்கு அருமையான பொருள். லாரியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். சாதாரண சென்சார் இரண்டு, இரண்டரை மீட்டருக்குள்தான் விழித்துக்கொள்ளும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் வண்டி ஒரு நொடியில் 1.4 மீட்டர் நகரும். இரண்டு மீட்டரில் பீப் கேட்டால் டிரைவருக்குக் கிடைப்பது ஒன்றரை நொடிகூட இல்லை. காதில் விழுந்து, கால் பெடலுக்குப் போய், ஏர் பிரேக் பிடித்து, முப்பது டன் நிற்க வேண்டும்.

இதுபோக, தொங்கும் செயின், ஆடும் தார்ப்பாய்க் கயிறு, பின் பலகையின் கொக்கி எல்லாவற்றுக்கும் அது கத்தும். சேறு மூடிவிட்டால் ஒன்று விடாமல் கத்தும், இல்லையென்றால் ஊமையாகிவிடும். நான்கு தடவை பொய்யாகக் கத்தினால் ஐந்தாவது தடவை டிரைவர் ஸ்விட்சை அணைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கேமராவோடு துணைக்கு இருந்தால் சரி. தனியாக என்றால், மூடிய கன்டெய்னர் பாடி வைத்து, ஊருக்குள்ளேயே கோடவுன் விட்டுக் கோடவுன் ஓடும் சின்ன லாரிகளுக்கு மட்டும் ஒத்துவரும்.

## கார் கேமராவை லாரிக்கு மாட்டுவது

வேண்டாம். இதற்கு ஒரு பத்தி போதும் என்று நினைத்தேன், ஆனால் நான் செய்த தப்பைச் சொல்ல இரண்டு தேவைப்படுகிறது.

என் 900 ரூபாய் கேமரா 12 வோல்ட்டுக்கானது. எலக்ட்ரீசியன் அதை ரிவர்ஸ் விளக்கு ஒயரிலேயே நேராகக் கொடுத்திருந்தார். அங்கே வருவதோ 24. பத்து நாள் தாங்கியதே பெரிய விஷயம். பதினோராவது நாள் திரையில் கோடு கோடாக ஓடி, அப்புறம் ஒரு கருகல் வாடை.

அடுத்து அவர் சொன்ன யோசனை இன்னும் மோசம்: "ரெண்டு பேட்டரில ஒண்ணுல இருந்து மட்டும் லைன் எடுத்துக்கலாங்க, பன்னெண்டு வோல்ட் வந்துரும்." லாரிகளில் பாட்டுப்பெட்டிக்கு இப்படி எடுப்பது பரவலான பழக்கம். அந்த ஒரு பேட்டரி மட்டும் கூடுதலாக இறங்கும். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சமமாகவே நினைத்து சார்ஜ் செய்யும். ஒன்று பட்டினி கிடக்கும், மற்றதற்கு அஜீரணம். ஒரு வருடத்தில் இரண்டு பேட்டரியையும் மாற்றும்போது 900 ரூபாய் கேமராவின் உண்மையான விலை தெரியும். 12 வோல்ட் பொருளைத்தான் மாட்டியாக வேண்டும் என்றால், 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

வைஃபை மூலம் போனில் படம் காட்டும் கேமராக்களும் இந்த வகையில்தான் சேரும். பேக் எடுக்கும் நேரத்தில் லோடு புரோக்கர் போன் செய்தால் படம் போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தான் அவர் கூப்பிடுவார்.

## ஒயர் போட்ட 24 வோல்ட் கேமரா

லாரிக்கென்றே வரும் செட் இது. பின்னால் இரும்புக் கூடு போட்ட கேமரா, முன்னால் ஏழு இன்ச் திரை, நடுவில் 15 அல்லது 20 மீட்டர் கேபிள். இருபுறமும் திருகி இறுக்கும் நாலு பின் கனெக்டர். டப்பாவில் '10–32 வோல்ட்' என்றோ '9–36 வோல்ட்' என்றோ இருக்கும். நான் விசாரித்தபோது 4,000 ரூபாயிலிருந்து 8,000 வரை சொன்னார்கள்.

படம் உடனே வரும், நடுங்காது, பக்கத்து வண்டியின் சிக்னல் குறுக்கே வராது. பாடி மாறாத எந்த லாரிக்கும் என் ஓட்டு இதற்குத்தான்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், கேபிளில். எங்கள் எலக்ட்ரீசியன் ஒரு வரியில் முடித்துவிடுவார்: "கேமரா மாட்டறது அஞ்சு நிமிசங்க, ஒயர் இழுக்கறதுதான் ஒரு நாளு." சேஸிஸ் ஓரமாகக் கம்பெனி ஒயரிங் போகும் வழியிலேயே, நெளிவுக் குழாய்க்குள் விட்டு, ஓரடிக்கு ஒரு கட்டுப் போட்டுக் கொண்டுபோக வேண்டும். சைலன்சர் பக்கம் போனால் உருகும். அடியில் சுழலும் ஜாயின்ட் ராடு பக்கம் தொங்கினால் சுற்றிக்கொண்டு அறுந்துவிடும். முன்பக்கம் கேபின் சாயும் இடத்தில் ஒரு முழம் தளர்வு விடாவிட்டால், மெக்கானிக் முதல் தடவை கேபினைச் சாய்க்கும்போதே இழுத்துக்கொண்டு போகும். எலி கடிப்பது தனிக்கதை.

வாங்கும்போது இன்னொன்று. பழைய அனலாக் வகை இருக்கிறது, ஏ.எச்.டி. என்ற தெளிவான வகை இருக்கிறது. கனெக்டர் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், மாட்டவும் முடியும், ஆனால் ஏ.எச்.டி. கேமராவைப் பழைய திரையில் சொருகினால் படம் வராது. திரை மட்டும் கெட்டு, வழியில் ஒரு ஊரில் வேறு வாங்கப் போகும்போதுதான் இது தெரியவரும். டப்பாவில் இருக்கும் வகையைப் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வைக் கோணம் 170 டிகிரி என்று பெருமையாகப் போட்டிருப்பதை வாங்காதீர்கள். அவ்வளவு அகலம் காட்டும் லென்ஸ், நேர் பின்னாலுள்ள சுவரைச் சின்னதாக, தூரமாகக் காட்டும். 120, 130 டிகிரி போதும்.

தண்ணீருக்கு ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும் என்று அர்த்தம். பிரஷர் பம்பு வேறு கதை. அதற்கு ஐ.பி.69கே. வாரம் ஒரு தடவை வாட்டர் சர்வீஸ் விடுபவர்கள் இதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

## ஒயர்லெஸ்

பெயரே பாதி ஏமாற்று. பின்னால் கேமராவுக்குக் கரண்ட் வேண்டும், முன்னால் திரைக்குக் கரண்ட் வேண்டும். நடுவில் போகும் படத்துக்கு மட்டும்தான் ஒயர் இல்லை. அப்படியிருந்தும் டிரெய்லர்காரர்களுக்கு இதைவிட்டால் வசதியான வழி கிடையாது.

ஒரே ஹார்ஸும் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) ஒரே டிரெய்லரும் ஜோடியாகவே ஓடினால், நடுவில் சுருள் கேபிள் போட்டு ஒயர் வகையையே வைத்துக்கொள்ளலாம். விளக்குக்கும் பிரேக்குக்கும் ஏற்கெனவே சுருள் போகிறதே, அதுபோல இன்னொன்று. ஆனால் துறைமுகத்தில் ஒரு டிரெய்லரை விட்டுவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொண்டு வரும் தொழிலில், ஒவ்வொரு டிரெய்லருக்கும் கேபிள் இழுக்க முடியுமா? அங்கே காந்தத்தில் ஒட்டும், பேட்டரியில் ஓடும் ஒயர்லெஸ் கேமரா ஒன்றை டிரைவரே கழற்றி மாட்டிக்கொள்ளலாம். ராத்திரி ஹோட்டலில் நிறுத்தும்போது கழற்றிக் கேபினில் வைத்துவிடுவதும் நல்லது, இல்லையென்றால் காலையில் காந்தம் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருக்கும்.

டிஜிட்டல் ஒயர்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள். பழைய அனலாக் ஒயர்லெஸ்ஸில் பக்கத்து வண்டியின் படம் உங்கள் திரையில் வரலாம். டிஜிட்டலில் கேமராவும் திரையும் ஜோடி சேர்ந்துகொள்வதால் அந்தக் குழப்பம் இல்லை. விலை 10,000 ரூபாய்க்கு மேல் ஆரம்பிக்கும்.

இனி சங்கடங்கள். முதலாவது தாமதம். படம் 0.2 நொடி பிந்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோமீட்டர் வேகத்தில் அது 28 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஓரடி. திரையில் ஓரடி இடம் இருக்கும்போது வண்டி இடித்திருக்கும். இரண்டாவது, கரண்டை ரிவர்ஸ் விளக்கிலிருந்து எடுத்தால், கியர் போட்ட பிறகுதான் கேமரா விழித்து, ஜோடி தேடி, படம் அனுப்பும். அந்தச் சில நொடி காத்திருக்கும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை.

மூன்றாவதுதான் என்னைப் பயமுறுத்துவது. நீளமான இரும்புப் பாடிக்குப் பின்னால் சிக்னல் திணறும்போது, மட்டமான செட்டுகளில் கடைசியாக வந்த படம் அப்படியே உறைந்து நிற்கும். திரை கறுப்பானால் டிரைவர் இறங்கிப் பார்ப்பார். காலி இடத்தைக் காட்டும் உறைந்த படத்தைப் பார்த்தால் இறங்க மாட்டார். வாங்கும் முன், பின்னால் ஒருவரை நடமாடச் சொல்லி, வண்டியின் முழு நீளத்துக்கும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். கடை மேஜைமேல் எல்லா ஒயர்லெஸ்ஸும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

## நாலு கேமரா, ரெக்கார்டர்

பின்னால், இரண்டு பக்கமும், முன்னால் என்று நான்கும் பதிவாகும் செட். 20,000 ரூபாயைத் தொடும். பேக் எடுக்க மட்டும் என்றால் இவ்வளவு வேண்டாம். ஆனால் இதில் ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது: சிக்னலில் நிற்கும் லாரியில் பின்னால் வந்து இடித்துவிட்டு, "லாரிதான் ரிவர்ஸ்ல வந்துச்சு" என்று சொல்பவரிடம் வாதாட வேண்டியிருக்காது. கேபினுக்குள் டிரைவரைப் பார்க்கும் கேமராவை மட்டும் அவரிடம் கேட்காமல் மாட்டாதீர்கள். நல்ல டிரைவரை இழப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

நடுவழி ஒன்று உண்டு. ஒயர் செட்டிலேயே இரண்டு கேமரா சொருகும் திரை வாங்கி, இரண்டாவதைக் கிளீனர் சைடில் பின்நோக்கி மாட்டுவது. இடது இண்டிகேட்டர் போட்டால் அந்தப் படம், ரிவர்ஸ் போட்டால் பின் படம். கிளீனர் இல்லாத வண்டியில் நிஜமான குருட்டுப் பக்கம் அதுதான். பைக்காரர்கள் வந்து நுழைவதும் அங்கேதான்.

## ஒரே பார்வையில்

| | கிளீனர், பீப், விளக்கு | சென்சார் | ஒயர் 24 வோல்ட் | டிஜிட்டல் ஒயர்லெஸ் | நாலு கேமரா |
|---|---|---|---|---|---|
| பொருள் விலை, சுமாராக | 1,500-க்குள் | 1,500–3,000 | 4,000–8,000 | 10,000-க்கு மேல் | 20,000 பக்கம் |
| மாட்டும் வேலை | ஒரு மணி நேரம் | அரை நாள் | ஒரு நாள் | இரண்டு மணி நேரம் | ஒன்றரை நாள் |
| சேற்றில் | கவலை இல்லை | மோசம் | லென்ஸ் துடைக்க வேண்டும் | லென்ஸ் துடைக்க வேண்டும் | நாலு லென்ஸ் துடைக்க வேண்டும் |
| டிரெய்லர் மாறினால் | சரி | ஆகாது | கஷ்டம் | இதுதான் சரி | கஷ்டம் |
| முதலில் கெடுவது | ஆள் வராமல் போவது | முகப்பு மூடிப்போவது | கேபிள் ஜாயின்ட் | பேட்டரி, சிக்னல் | ரெக்கார்டரின் மெமரி கார்டு |
| பொருந்தும் வண்டி | பழைய வண்டி | ஊருக்குள் ஓடும் சின்ன லாரி | பாடி மாறாத எல்லாம் | டிரெய்லர் | நாலைந்து வண்டி ஓட்டும் ஓனர் |

## எங்கே மாட்டுவது

ஓப்பன் பாடியில் பின் பலகை கீழே மடிந்து தொங்கும் வகை என்றால் கவனம். நம்பர் பிளேட் பக்கத்தில் அழகாக மாட்டிவிட்டு, கோடவுனில் பலகையை இறக்கிவிட்டுப் பேக் எடுத்தால், திரை முழுக்கப் பலகைதான் தெரியும். அந்த வகைக்குப் பலகையைவிடப் பின்னால் நீளும் அடி இரும்புச் சட்டத்தில், சின்னக் கூண்டு போட்டு மாட்ட வேண்டும். சேறு அதிகம் படும், வேறு வழியில்லை. மூடிய பாடி என்றால் உச்சியில், நடுவில், கீழ்நோக்கி. அங்கே சேறும் குறைவு, கைக்கும் எட்டாது.

டிப்பரில் தூக்கும் தொட்டியில் மாட்டவே கூடாது, சேஸிஸில் ஓரமாக மாட்டுங்கள். ஜல்லி கொட்டும்போது நடுவில் இருப்பதெல்லாம் அடிவாங்கும்.

ராத்திரிக்கென்று கேமராவைச் சுற்றிக் குட்டி இன்ஃப்ராரெட் விளக்குகள் இருக்கும். அந்த வெளிச்சம் பக்கத்திலுள்ள தகடு எதிலாவது பட்டுத் திரும்பினால் படம் வெள்ளையடித்ததுபோல் ஆகிவிடும். பகலில் மட்டும் பார்த்துவிட்டுப் பட்டறைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒரு தடவை இருட்டில் பாருங்கள்.

மாட்டியதும் இன்னொரு சோதனை. வண்டிக்குப் பின்னால் டிரைவர் சைடில் ஒருவர் நின்று கை தூக்க வேண்டும். திரையிலும் அவர் டிரைவர் சைடிலேயே, வலது பக்கம் தெரிய வேண்டும். இடம் மாறித் தெரிந்தால் டிரைவர் ஸ்டியரிங்கைத் தப்பான பக்கம் ஒடிப்பார். பல கேமராக்களில் இதை மாற்ற ஒரு குட்டி ஒயர் வளையமோ மெனுவில் ஓர் இடமோ இருக்கும். அப்படியே திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளை அணைத்துவிடுங்கள். அவை கார் உயரத்துக்குப் போட்டவை. பின் சட்டத்திலிருந்து ஒரு மீட்டரிலும் மூன்று மீட்டரிலும் ஒவ்வொரு கல்லை வைத்து, திரையில் அவை தெரியும் இடத்தில் மெல்லிய டேப் ஒட்டினால் அதுதான் உங்கள் வண்டிக்கான கோடு.

கரண்ட் எடுப்பதில்: திரைக்கு ஃபியூஸ் போட்டுத் தனி லைன். ரிவர்ஸ் விளக்கு ஒயரிலிருந்து சிக்னல் மட்டும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் கம்பெனி ஒயரைக் கண்ட இடத்தில் சீவிச் சுற்றினால் வாரண்டிக்குச் சிக்கல் வரும். அதனால் பாடி கட்டும்போதே, கம்பெனி கொடுத்திருக்கும் இணைப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் வெல்டிங் வேலை வந்தால் பேட்டரியையும் திரையையும் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் மெஷினைத் தொட விட வேண்டும்.

பெட்ரோல், காஸ் டேங்கர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறையில் ஒயர் இழுக்க வேண்டாம். அந்த வண்டிகளின் ஒயரிங்குக்கு வெடிபொருள் துறையின் விதிகள் உண்டு. லோடு கொடுக்கும் கம்பெனியைக் கேட்காமல் ஒரு பல்புகூடச் சேர்க்காதீர்கள்.

## அந்த மூவருக்கும் சொன்னது

நாமக்கல்காரருக்கு: பாடி மூடும் முன்பே கேபிளை இழுத்துவிடுங்கள். கேமரா அப்புறம் வாங்கினாலும் பரவாயில்லை. இப்போது குழாய்க்குள் ஒயர் போடுவது அரை மணி வேலை, பாடி முடிந்தபிறகு ஒரு நாள் கூலி. ஒயர் வகை, 130 டிகிரி, கிளீனர் சைடுக்கு ஒரு கேமரா சேர்த்து. அளவெடுக்கும்போது வண்டி நீளத்தை அளக்காமல், ஒயர் போகும் வளைவுகளைக் கயிறு வைத்து அளக்கச் சொன்னேன். நாலு மீட்டர் கூடுதலாகவே வந்தது.

தூத்துக்குடிக்காரருக்கு: டிஜிட்டல் ஒயர்லெஸ், பேட்டரி வகை, ஒரு செட் மட்டும். முதல் ஒரு மாதம் திரையைப் பார்த்தாலும் ஒரு தடவை இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வர டிரைவரிடம் சொல்லுங்கள் என்றேன். தாமதம் எவ்வளவு என்பது அப்போதுதான் அவர் கைக்குப் பழகும்.

டாரஸ்காரருக்கு: பன்னிரண்டு வருட வண்டி, வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் தள்ளிவிடப் போகிறார். கிளீனர் அவருடைய தங்கச்சி மகனே. பீப் ஹாரனும் விளக்கும் போட்டுக்கொண்டு மிச்சக் காசை டயருக்கு வையுங்கள் என்று சொன்னேன். அவருக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை, திரை ஒன்று வேண்டும் என்றுதான் ஆசை.

ஒன்றை அவர்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடிக்க வண்டியை விடும் முன் லென்ஸில் பிளாஸ்டிக் உறை சுற்றி டேப் போட்டுவிடுங்கள். பெயிண்டருக்கு அது கேமரா என்று தெரியாது. பின்னால் இருக்கும் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். எங்கள் கேமராவைத் தின்னர் வைத்து, பஞ்சால் ஒத்தி ஒத்தித் துடைத்தோம். இன்றைக்கும் அந்தத் திரையில் இடது மூலை மட்டும் லேசாக ஆரஞ்சாகத்தான் தெரிகிறது.